பாதி ஓதிய இஸ்திகாரா

நாமக்கல்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து.

அன்பு மகன் பயாஸுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் பெரியம்மாவும் இம்தியாஸ் அண்ணனும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் உன் அம்மாவும் தங்கச்சியும் அதேபோல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் அத்தா எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் பொய் சொல்லிவிடுகிறேன் கண்ணு. போன ஞாயிற்றுக்கிழமை நீ அதைக் கேட்டதும் லாரி வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தேனே, அன்றைக்கு நம் கடை வாசலுக்கு லாரியும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. போனை வைத்துவிட்டு தார்ப்பாய்க் கட்டின் மேலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "நீங்க வரச் சொன்னா வர்றேன் அத்தா, வேணாம்னா இங்கேயே ஆடுறேன். நீங்களே சொல்லுங்க" என்று இருபத்துமூன்று வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையைத் தூக்கித் தகப்பன் கையில் கொடுத்தால் அந்தத் தகப்பன் என்ன செய்வான். என் அத்தாவிடம் நான் எதையும் அப்படிக் கேட்டதில்லை, அவர் கேட்காமலே சொல்லிவிடுவார், நான் கேட்காமலே போய்விடுவேன். அதனால் எனக்குப் பழக்கமில்லை. இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது, ஆனால் முழுசாகப் படி, நடுவில் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே.

நீ கேட்ட காகிதங்கள் எல்லாம் இதோடு கூரியரில் வருகின்றன. என் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்து டி.சி., பாஸ்போர்ட் நகல், எங்கள் நிக்காஹ் பதிவு. பிறப்புச் சான்றிதழுக்காக மோகனூருக்கு நாலு நடை நடந்தேன். பழைய பதிவேட்டில் ஆண் குழந்தை என்று மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், பெயர் போடவே இல்லை. ஐம்பத்தாறு வருடமாக அரசாங்கத்தின் கண்ணுக்கு நான் பெயரில்லாத ஆண் குழந்தை. ஆபீஸில் தனப்பிரியா என்று ஒரு பெண், நல்ல பிள்ளை, "ஏனுங்க பாய், இந்த வயசுல பேரு வெக்க வந்திருக்கீங்க, இனிப்பு எங்கீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அப்புறம் எந்தெந்த மேசைக்குப் போக வேண்டும் என்று அதுவே எழுதிக் கொடுத்தது. நாலாவது நடையில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டுதான் போனேன். பெரியம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று, இப்போது வீட்டில் இருக்கிற தூசி எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்று இம்தியாஸைப் போட்டு வறுத்தெடுக்கிறார்கள். அவனுக்கு ராசிபுரத்தில் பெண் பேசியிருக்கிறோம், பெருநாள் கழித்துதான் முடிவாகும். பெண் வீட்டார் கேட்ட முதல் கேள்வி, கால்பந்து விளையாடுகிற பையன் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதுதான். நீ விளையாடுகிறாய், இம்தியாஸுக்குப் பெண் கிடைக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்த்துக்கொள். நீ பிறந்து வளர்ந்தது சிங்கப்பூர், உன் அம்மா அந்த நாட்டுக் குடிமகள், பட்டாளத்தில் இரண்டு வருடம் இருந்து முடித்துவிட்டாய், ஆகவே அந்த நாட்டு அணியின் சிவப்புச் சட்டை உனக்குப் பாத்தியப்பட்டது. என் பிள்ளை என்பதால் உன்னிடம் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், ஆனால் இந்தியாவின் நீலச் சட்டையைப் போட்டு ஆட முடியாது. அதற்கு சிங்கப்பூர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, இங்கே ஒரு வருடமாவது குடியிருந்து, இந்தியனாக வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள இரண்டு நாட்டுச் சட்டமும் விடாது. பெங்களூரில் ஒரு கிளப் உன்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது, இந்திய அணிக்காரர்களும் இடது பக்கத்துக்கு ஆள் தேடுகிறார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் அடுத்த தகுதிப் போட்டிக்கு உன் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் நட்பு ஆட்டத்தில் இருபது நிமிடம் இறங்கினாயே, அது உன்னைக் கட்டாது, தகுதிப் போட்டியில் இறங்கிவிட்டால் அப்புறம் நாடு மாறுவது லேசில்லை. இரண்டு பக்கமும் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். இதுதானே. இதை மூன்று தரம் இம்தியாஸுக்குச் சொல்லி விளக்கினேன், அவன் மூன்று தரமும் தலையாட்டிவிட்டு, அப்ப ரெண்டு டீமுக்கும் மாத்தி மாத்தி ஆட முடியாதா என்று கேட்டான்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை. இஸ்திகாரா தெரியுமல்லவா, ஒரு காரியத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்வே நீ பார்த்து நல்லதை நடத்து என்று முடிவை அவனிடம் விட்டுவிடுவது. பெங்களூர் கிளப்பிலிருந்து ஆள் வந்து பேசியதாக நீ சொன்ன மறுநாள், மதியத்து ளுஹர் தொழுகை முடித்துக் கடையின் மாடியில் உனக்காக அதைத் தொழுதேன். கனவில் ஏதாவது தெரியும் என்பார்கள், சிலருக்கு மனசில் ஒரு பக்கம் சாயும் என்பார்கள். நான் தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினேன், லாரிக்காரர் பச்சமுத்து வாசலில் நின்றுகொண்டு, "பாய், நல்ல நீலமா ஒரு தார்ப்பாய் எடுங்க" என்றார். அவ்வளவுதான், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நீலம், இந்தியாவின் நீலம், தொழுது முடித்து அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. நீ இப்போது சிரிப்பாய் என்று தெரியும். தார்ப்பாய்க் கடையில் நீலம் கேட்காத நாள் எது. இருபது பேர் வந்தால் பதினைந்து பேர் நீலம்தான் கேட்பார்கள், காலையில் இரண்டு பேருக்கு நானே அளந்து கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டபோது எனக்கு ஏன் புல்லரிக்கவில்லை. ஆசைக்குக் கண் மண் தெரியாது என்பது சரியாகத்தான் இருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். இம்தியாஸிடம், கிடைத்துவிட்டது, பயாஸ் இந்தியாவுக்குத்தான், வந்துவிடுவான் என்று சொன்னேன். நீ ஜிம்மில் எடுத்த போட்டோ ஒன்று என் போனில் இருந்ததே, அதை அவன் கேட்டான், கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் தடுக்க வேண்டியிருக்குமே என்று எனக்குள் தெரிந்தேதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் பஸ் ஸ்டாண்டு முக்கில் பதினைந்தடி பிளக்ஸ். 'இந்திய அணியின் இரும்புக் கோட்டையே, வருக வருக' என்று போட்டு, உன் தலைக்குக் கீழே வேறு யாருடைய உடம்பையோ ஒட்டி, நீலச் சட்டை மாட்டி, இடது காலில் ஆடுகிற பிள்ளையை வலது காலால் உதைக்க வைத்துவிட்டான். கீழே அவனும் அவன் கூட்டாளிகள் பன்னிரண்டு பேரும் கைகூப்பி நிற்கிறார்கள். நாமக்கல்லில் காதுகுத்துக்கும் பிளக்ஸ்தான், கண்ணீர் அஞ்சலிக்கும் பிளக்ஸ்தான், அவன் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கை கொடுத்தார்கள். பச்சமுத்து மட்டும், பையன் ஒரு கோல்கூடப் போட்டதில்லையாமே என்று சந்தேகமாகக் கேட்டார். கோல் போடுவது வேறு ஆள், கோல் போக விடாமல் மறிப்பதுதான் என் மகன் வேலை என்றேன். அப்ப டோல்கேட்டுனு சொல்லுங்க என்றார்.

அந்த பிளக்ஸின் படம் யார் யார் போனிலோ ஏறி, கடல் தாண்டி, உன் சிங்கப்பூர் பயிற்சியாளர் கைக்கே போய்ச் சேரும் என்று நான் நினைக்கவே இல்லை. எங்களிடம் யோசிக்க நேரம் கேட்டுவிட்டு அங்கே வரவேற்பு பேனரே வைத்தாயிற்றா என்று அவர் உன்னை நிற்க வைத்துக் கேட்டாராம். இதை நீ எனக்குச் சொல்லவில்லை, உன் அம்மா சொல்லித்தான் தெரியும். நீ என்னிடம், நான் இன்னும் யாருக்கும் பதில் சொல்லவே இல்லையே அத்தா என்று மட்டும் சொன்னாய். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த மூச்சிலேயே, நீங்களே சொல்லுங்க என்றும் சொல்லிவிட்டாய். என்னை மன்னித்துக்கொள் கண்ணு. அன்றைக்கே ஏணி வைத்து நானே ஏறி பிளக்ஸை அவிழ்த்துவிட்டேன். நம் கடையில் பழைய பிளக்ஸை மக்காச்சோளம் மூட, கூரைக்கு மேலே போட என்று வாங்கிப்போவார்கள், இதையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான் இம்தியாஸ். கொடுக்கவில்லை. ஒட்டு உடம்பானாலும் முகம் உன்னுடையது, அதன் மேல் மழை பெய்ய விட எனக்கு மனசு வரவில்லை. மடித்து பீரோ மேல் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாடியில் சரக்கு வைத்திருந்த அறையைக் காலி செய்து வெள்ளை அடித்துவிட்டேன். உன் உயரத்துக்கு ஆறரை அடியில் கட்டில் செய்யச் சொன்னேன், ஆசாரி யானைக்கா பாய் என்று கேட்டார். ஏ.சி. மாட்டியாயிற்று. ஐஸ் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அதற்குப் பெரிய அண்டா ஒன்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து நாமக்கல்லுக்கு அஞ்சு மணி நேரம்தான், சனிக்கிழமை ஆட்டம் முடித்துக் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு உட்கார்ந்து பரோட்டா தின்னலாம் என்று மாதக் காலண்டரில் ஞாயிறுகளை எண்ணிப் பார்த்தேன். எட்டு வருடமாயிற்று நான் இங்கே வந்து. பெரியத்தா மவுத்தாகி அடக்கம் முடிந்தபோது, கடையையும் பெரியம்மாவையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டு இரண்டு வருடத்தில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அப்போது உனக்குப் பதினைந்து வயது, மீசை வரவில்லை. நீ முதல் தடவை சவரம் செய்துகொண்டதை நான் பார்க்கவில்லை, பட்டாளத்துக்குத் தலை மழித்துக்கொண்டு போனதைப் பார்க்கவில்லை, முட்டி பிசகி மூன்று மாதம் படுத்திருந்தபோது போனில் அல்ஹம்துலில்லாஹ் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு உட்காரும்போது எனக்கு எதிரே யாரும் இல்லை. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது, அவ்வளவு ஆசையாக இருக்கிறது, அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

ஆசை இவ்வளவு இருக்கிறவன் இஸ்திகாரா தொழுதால் எப்படித் தொழுவான். அந்தத் தொழுகையில் கேட்கிற துஆவுக்கு இரண்டு பாதி உண்டு. இந்தக் காரியம் நல்லதென்றால் இதை லேசாக்கிக் கொடு என்பது முதல் பாதி. கெட்டதென்றால் இதை என்னைவிட்டுத் திருப்பிவிடு, என்னையும் இதைவிட்டுத் திருப்பிவிடு, நன்மை எங்கே இருந்தாலும் அதைக் கொடுத்து அதில் என்னைத் திருப்திப்படுத்து என்பது இரண்டாவது. அன்றைக்கு மாடியில் நான் ஓதியது முதல் பாதி மட்டும்தான். மறதி இல்லை கண்ணு. வாய் வரைக்கும் வந்தது, திருப்பிவிடு என்று சொன்னால் நிஜமாகவே திருப்பிவிடுவானோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். படைத்தவனிடமே பாதியை மறைத்துவிட்டு, வெளியே வந்து தார்ப்பாயில் பதிலைக் கண்டுபிடித்தவன் உன் அத்தா. பிளக்ஸை அவிழ்த்த பிறகு மறுபடியும் தொழ உட்கார்ந்தேன். முதல் நாளும் இரண்டாம் நாளும் அந்த இடத்தில் நாக்கு திரும்பவில்லை, எழுந்து வந்துவிட்டேன். இடையில் உன் அம்மாவிடம் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க, புள்ள எங்க ஆடினாலும் கால் ஒடியாம ஆடட்டும்" என்றாள். அவள் போகச் சொல்லவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை, எட்டு வருடத்துக்கு முன்னால் நான் கிளம்பும்போதும் இதே மாதிரிதான் ஒன்றும் சொல்லாமல் பெட்டியில் துணி அடுக்கிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் முழுசாக ஓதிவிட்டேன்.

ஓதி முடித்து எந்த அடையாளமும் வரவில்லை. பச்சமுத்துவும் வரவில்லை. ஆனால் பல வருடமாக நினைக்காத ஒன்று நினைவுக்கு வந்தது. கொரோனாவுக்கு முந்தின வருடம், லீவுக்கு நீங்களாகவே இங்கே வந்துவிட்டு, நாம் நாலு பேரும் ஒன்றாகத் திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூரில் இறங்கினோம். அதற்குள் அங்கே குடியிருக்க எனக்கிருந்த பி.ஆர். காலாவதியாகிவிட்டது, பாஸ்போர்ட்டில் விசாவோடு வந்தேன். உன் அம்மாவும் தங்கச்சியும் நீயும் குடிமக்கள் பக்கம் கட்டைவிரலை வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியது, நான் வெளிநாட்டுக்காரர்கள் வரிசை. பதினேழு வருடம் வேலை பார்த்த ஊர், பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிற ஊர், எத்தனை நாள் தங்குவாய், யார் வீட்டில் தங்குவாய் என்று கேட்பதற்காக நிற்கிறேன். நீ உள்ளே போகவில்லை. உன் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து அந்த வரிசையில் என் பக்கத்தில் நின்றாய். மேசையில் இருந்த அதிகாரி உன் சிவப்பு பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு நீ இங்கே நிற்கக் கூடாது, அங்கே போ என்றார். நீ போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய். அப்புறம் முப்பது நாளுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முப்பது நாளும் உன் அம்மா வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தேன், எந்தப் பொருளையும் இடம் மாற்றி வைக்காமல்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்காக அந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே. அதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு உன் அம்மாவுக்கு ஒன்று என்றால் நீ விசா கேட்டு நிற்க வேண்டும். இப்போது எல்லாருக்கும் மெஷின் வைத்துவிட்டார்கள், வரிசையே இல்லை என்று உன் தங்கச்சி சொல்கிறாள், இருக்கட்டும், விசா கேட்பதற்கும் முப்பது நாளில் கிளம்புவதற்கும் மெஷின் வரவில்லை. சொந்த வீட்டுக்கு நாள் கணக்குப் போட்டுப் போகிறவன் நம் குடும்பத்தில் நான் ஒருத்தன் இருக்கிறேன், போதும். உனக்கே நீலச் சட்டை மேல் ஆசை இருந்தால், இந்தியாவுக்காக ஆட வேண்டும் என்று உன் மனசு அடித்துக்கொண்டால், அது வேறு, அப்போது வா, காகிதம் எல்லாம் கையில் இருக்கிறது, ஒன்றையும் நான் பிடித்து வைக்கவில்லை, மறுபடியும் ஏணி வைத்து பிளக்ஸ் கட்டுவேன். ஆனால் அத்தா தனியாக இருக்கிறாரே என்று ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்கு ஆடாதே. அப்படி வந்து நீ ஒரு ஆட்டத்தில் தோற்றால்கூட அந்தப் பழி என் தலையில் என்று நினைத்து நான் செத்துவிடுவேன். நீ எந்தச் சட்டையைப் போட்டாலும் இங்கே போனில் ஆட்டத்தைப் போட்டுக் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிடுவேன். அந்த இரண்டு நாடும் ஒன்றோடு ஒன்று மோதினால் என்ன செய்வேன் என்று கேட்காதே, பந்து உன் பக்கம் வரும்போது மட்டும் பார்ப்பேன்.

இதை எழுதும்போது அழுகைதான் வருகிறது, காகிதத்தில் மை பரவியிருந்தால் மழை என்று நினைத்துக்கொள்ளாதே, இங்கே மழையில்லை. முட்டிக்குப் பட்டை போடாமல் பயிற்சிக்குப் போகாதே. பயிற்சியாளரிடம் பிளக்ஸ் விஷயத்தை ஒளிக்காமல் சொல், என் தகப்பனார் அவசரப்பட்டுவிட்டார் என்று சொல், அது உண்மைதானே. அம்மாவிடம் இரண்டு வார்த்தை உட்கார்ந்து பேசு, அவள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். தங்கச்சியைப் பரீட்சை முடியும் வரை சீண்டாதே. பெரியம்மா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்கள், இம்தியாஸ் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னான், அடுத்த பிளக்ஸில் இடது காலே வைத்துவிடுவதாகவும் சொன்னான்.

அல்லாஹ் உன் காலுக்கும் மனசுக்கும் பலத்தைக் கொடுக்கட்டும், எடுத்த முடிவில் உன்னைத் திருப்தியோடு வைக்கட்டும், உன் அம்மாவின் கண் முன்னால் உன்னை நீண்ட ஆயுளோடு வாழ வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன்னிடம் இருக்கிற அந்த ஓ.சி.ஐ. அட்டையோடு என் வீட்டுக்கு வர யாரையும் கேட்க வேண்டியதில்லை, எத்தனை நாள் என்று யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். நீ இந்தியாவுக்கு ஆட வந்தால்தான் என் பிள்ளை எனக்குக் கிடைப்பான் என்று நினைத்து இத்தனை கூத்தடித்தேன், சும்மா வா என்று எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் உன்னைக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிடுகிறேன். பெருநாளுக்கு வா கண்ணு.

இப்படிக்கு,
உன் வருகைக்கு ஏங்கும்
அத்தா,
ச. கலீலுல்லா